இறந்த காலத்தில் ஒரு பக்கம்

—இல்ல பிள்ளை, நான் உள்ளுக்கு வரேல்ல. நீ போ. அந்த மிஸ் என்ட மகனைச் சாகச் சொல்லுறா.

—ஐயையோ கொறற்றி அன்ரி, யூஜினா மிஸ் அப்படியெல்லாம் சொல்லலீங்க.

—எனக்குக் காது நல்லாக் கேக்கும், ரஜனி. கண்தான் கொஞ்சம் மங்கல். ‘எல்லாரும் இண்டைக்கு இறந்த காலத்தில ஒரு பக்கம் எழுதுங்கோ’ எண்டு போர்டில எழுதிப்போட்டு வாயாலயும் சொன்னவ. இறந்த காலம்! ஆர் இறந்தது? என்ட மெல்ரோய் காணாமப் போனவன். இறக்கேல்ல. பதினேழு வருசமா ஒவ்வொரு ஒஃபிஸிலயும் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டு வாறன். இப்ப இந்தச் சேர்ச் ஹோலுக்குள்ளயும் சொல்லோணுமா?

—அது இலக்கணங்க அன்ரி.

—என்ன கணம்?

—இலக்கணம். கிராமர். முன்னாடி நடந்தத எழுதுறதுக்குத் தமிழ்ல இறந்த காலம்னு பேரு. இப்ப நடக்குறது நிகழ்காலம். இனிமே நடக்கப்போறது எதிர்காலம். தோட்டத்து ஸ்கூல்ல ஆறாம் வகுப்புலயே சொல்லிக் குடுத்தாங்க. வந்தான், போனான், தூங்கினான், இதெல்லாம் இறந்த காலம். யாரும் சாகலீங்க.

—மெய்யாவா?

—சத்தியமாங்க.

—சிங்களத்தில இதுக்கு ‘அதீத காலய’ எண்டுதான் சொல்லுறது. அதுக்குள்ள சாவு ஒண்டும் இல்ல. நான் பள்ளிக்கூடத்தில அதைத்தான் படிச்சனான். தமிழ் ஆக்களுக்கு வேற பேரே கிடைக்கேல்லையா?

—நீங்களும் தமிழ் ஆளுதானே அன்ரி.

—வாயால தமிழ். கையால சிங்களம். எங்கட கொட்டாஞ்சேனையில எத்தினையோ பேர் அப்பிடித்தான். பூசை தமிழில, படிப்பு சிங்களத்தில. அப்பா ஹார்பரில வேலை. சிங்களம் படிச்சாத்தான் பிள்ளை தலையெடுக்கும் எண்டு கொண்டுபோய் விட்டவர். நல்லா எடுத்தன் தலை.

—அதனாலதானே நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதுறேன்.

—அப்ப நான் எழும்பி, அவ்வளவு பேருக்கு முன்னால கத்தினது...

—கத்துனீங்கதான். மிஸ் கையில இருந்த சோக்கு கீழ விழுந்திருச்சு. றோஸி அக்காவுக்குக் கடிச்ச பணிஸ் தொண்டையில சிக்கி ஒரே இருமல். ஸ்ரான்லி அங்கிள் முதுகுல தட்டுனாரு.

—அந்தோனியாரே! வெக்கமாக் கிடக்கு. இனி எப்பிடியும் வரமாட்டன்.

—இன்னிக்குக் கடைசி நாளுங்க. அடுத்த சனிக்கெழம இந்த ஹோலும் இல்ல, மிஸ்ஸும் இல்ல, பணிஸும் இல்ல.

—முடியட்டும். ஒன்பது மாசம் எழுதி என்னத்தைக் கண்டம்? முதல் நாள் மிஸ் என்ன சொன்னவ? ‘இது ஆற்றுப்படுத்தல், அன்ரி. எல்லாரும் கூடியிருந்து எழுத எழுதப் பாரம் குறையும்’ எண்டு. நானும் தேத்தண்ணி ஆத்துற மாதிரி ஏதோ எண்டு நினைச்சிட்டு வந்து குந்தினன். ஆறிச்சா? உனக்கு ஆறிச்சா?

—எனக்குக் கைதான் வலிக்குதுங்க.

—பகிடி விடாம உண்மையச் சொல்லு.

—உண்மையத்தான் சொல்றேன். எங்க வூட்டுக்காரரு ராமையா வெள்ளவத்தையில பதினோராவது மாடிக்குப் பூச்சு வேலைக்குப் போனாரு. பலக வழுக்கிச்சு. விழுந்தாரு. செத்தாரு. என் இறந்த காலம் அதோட முடிஞ்சிபோச்சு. அடுத்த வரிய எழுது, அடுத்த வரிய எழுதுன்னு மிஸ் எத்தன வாரம் சொன்னாங்க. என்னத்த எழுத? அதே தெருவுலதான் நான் இப்பவும் ஒரு வீட்ல சமைக்கிறேன். துணி காயப்போட மொட்டமாடிக்குப் போனா அந்த ஃபிளட்டுக் கட்டடம் தெரியுது. ஆளுங்க குடிவந்துட்டாங்க. பதினோராவது மாடியில யாரோ ரோசாச் செடி வச்சிருக்காங்க.

—ராமையா நல்ல மனுசன் எண்டு றோஸி சொன்னா.

—றோஸி அக்காவுக்கு என்னா தெரியும்? குடிச்சா அடிப்பாரு. அதையும் எழுதிட்டா லேசாகும்னாங்க மிஸ். செத்தவரப் பத்தி எப்படிங்க எழுதுறது? எழுதாமயும் இருக்க முடியல. அப்படியே நிக்குது.

—ஸ்ரான்லிதான் கெட்டிக்காரன். மனிசி செத்த கவலைக்கு எழுத வந்தவன், ஒவ்வொரு கிழமையும் தெருவில குப்பை அள்ளேல்ல எண்டு பெட்டிசம் எழுதி வாசிக்கிறான். மிஸ்ஸும் கைதட்டுறா.

—பெட்டிசம் நீங்களும்தானே நெறைய எழுதியிருக்கீங்க.

—எழுதினதா? ஒரு சூட்கேஸ் நிறைய. எல்லாம் என்ட கையால, நல்ல சிங்களத்தில. மெல்ரோய் பேலியகொடை மீன் மார்க்கெட்டில வேலை முடிஞ்சு பின்னேரம் மட்டக்குளி பஸ்ஸால இறங்கினவன். ரோட்டோரத்தில ஒரு வான் வண்டி நிண்டதாம். ரெண்டு பேர் தோளில கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனவங்களாம், கூட்டாளிமார் மாதிரி. தேத்தண்ணிக் கடை டிலான் கண்டவன். பிறகு அவனும் காணேல்ல எண்டிட்டான். பாவம், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கு. நான் எழுதாத இடம் இல்ல. ஒரு பெரிய ஐயா என்ட பெட்டிசத்தை வாசிச்சுப்போட்டு, ‘அம்மாட கையெழுத்து முத்து மாதிரி’ எண்டார். பதினேழு வருசத்தில எனக்குக் கிடைச்ச பதில் அது ஒண்டுதான்.

—நான் ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன் அன்ரி. கையெழுத்து முத்து மாதிரி இருக்கிறவங்க, மகனுக்கு எழுதுற இந்தக் கடுதாசிகளையும் நீங்களே சிங்களத்துல எழுதலாமே. மிஸ்ஸும் சரின்னாங்களே.

—ஏலாது.

—கண்ணுனாலயா?

—கண் எண்டு வச்சுக்கொள்ளன். சிங்களத்தில எழுதினா பதிலுக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறது எனக்குப் பழக்கமாப் போச்சு. இனி ஏலாது.

—ஆனா உங்க மகன் எழுதிவச்ச துண்டுக் கடுதாசிய மட்டும் இன்னும் வாசிப்பீங்கன்னு சொன்னீங்க.

—அது வேற. ‘அம்மா, வர லேட்டாகும். கதவைப் பூட்ட வேண்டாம்.’ காலமை எழும்பின உடன பேர்ஸைத் திறந்து ஒருக்கா வாசிப்பன். கண் மங்கினாலும் அது எனக்குத் தெரியும். ஒரு எழுத்துக்குச் சுழி போட மறந்திட்டான், கள்ளன். அவசரம். அது சரி, உனக்கு ஒண்டும் ஆறேல்ல எண்டுறாய். பின்ன ஏன் ஒவ்வொரு சனியும் வெள்ளவத்தையில இருந்து ரெண்டு பஸ் மாறி வாறாய்?

—உங்க மகனுக்காக.

—என்ட மகனுக்காகவா?

—நீங்க சொல்லச் சொல்ல எழுதுவேனே. ‘பாணுக்குள்ள சீனி போட்டு மடிச்சித் தின்னுவான். குளிச்சிட்டு ஈரத் தலையோட ஃபேனுக்குக் கீழ நிப்பான். ஏசினா சிரிப்பான்.’ கவனிச்சீங்களா? நீங்க சொல்றது ஒண்ணுமே இறந்த காலம் இல்ல. தின்னுவான், நிப்பான், சிரிப்பான், எல்லாமே எதிர்காலம். எழுதுறப்ப எனக்கு அவரு நாளைக்கு வந்து பாண் கேக்கப்போற மாதிரியே இருக்கும்.

—நான் பழசைத்தானே சொன்னனான், பிள்ளை.

—தெரியுங்க. ஆனா எழுத்துல அப்படித்தான் நிக்குது.

—கொறற்றி அன்ரி... ரஜனி, நீங்களும் இங்கதானோ? நானும் இந்தப் படியில கொஞ்சம் இருக்கலாமோ?

—வாங்கோ யூஜினா மிஸ். சீலையில தூசு பிரளும், பாத்து. நான் கத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இந்தப் பிள்ளை இப்பதான் எனக்கு விளங்கப்படுத்தினது.

—நான்தான் அன்ரி மன்னிப்புக் கேக்கோணும். ‘கடந்த காலம்’ எண்டு எழுதியிருக்கலாம். இருபது வருசம் தமிழ் படிப்பிச்சனான். அந்தச் சொல்லுக்குள்ள என்ன கிடக்குதெண்டு நீங்கள் கத்தினபிறகுதான் எனக்கே கேட்டது.

—சரி, விடுங்கோ.

—உள்ளுக்குக் கடைசி வாசிப்பு நடக்குது. உங்கட பழைய கடிதம் ஒண்டை ரஜனி வாசிக்கட்டும். புதுசா ஒண்டும் எழுத வேண்டாம் அன்ரி.

—மிஸ், ஒண்டு கேக்கட்டா? இனி நாங்கள் என்ன செய்யிறது?

—வீட்டில தொடர்ந்து எழுதுங்கோ.

—அது உங்கட புத்தகத்தில இருக்கிற பதில். உங்கட பதிலைச் சொல்லுங்கோ.

—எனக்குத் தெரியாது அன்ரி. உண்மையாத் தெரியாது. புரொஜெக்ட் முடிஞ்சுது. ‘பங்குபற்றியோர் ஆறுதலடைந்தனர்’ எண்டு நேற்று அறிக்கை எழுதிக் குடுத்தனான். குடுத்திட்டு வந்து ஒரு வாய் சோறு இறங்கேல்ல.

—ஆறுதலடைந்தனர். அது என்ன காலம் மிஸ்?

—இறந்த காலம்தான் அன்ரி.

—ம். நீங்கள் போங்கோ. நாங்கள் வாறம்.

—பாவங்க மிஸ். கண்ணத் தொடச்சிக்கிட்டே போறாங்க.

—அவவுக்கும் ஒரு கூட்டம் வச்சு எழுதப் பழக்கோணும்.

—அன்ரி, உள்ள போறதுக்கு முன்னாடி இதப் புடிங்க. அவங்க முன்னாடி குடுக்க எனக்குக் கூச்சமா இருந்திச்சு.

—என்ன இது? கொப்பியா?

—நீங்க சொன்ன கடுதாசி எல்லாம். அந்தத் தாளுங்க கசங்கிப்போச்சு. மத்தியானத்துல வூட்டம்மா தூங்குறப்ப குந்தி, ஒண்ணொண்ணா திருப்பி எழுதினேன். முப்பத்திநாலு. பிரவுன் பேப்பர் போட்டு, மேல ‘மகன் மெல்ரோய்க்கு’ன்னு எழுதியிருக்கேன்.

—எவ்வளவு குண்டு குண்டா எழுதியிருக்கிறாய். என்ன எழுதியிருக்கெண்டு தெரியாட்டியும் பாக்க வடிவாக் கிடக்கு.

—அவரு வந்தவொடன மொதல்ல சாப்பாடு குடுங்க. அப்புறம் இதக் குடுங்க.

—ரஜனி...

—சொல்லிடுறேன் அன்ரி. எனக்கு யாரும் வரப்போறதில்ல. நான் எழுதுறத வாசிக்க ஒலகத்துல ஒரு ஆளு கெடையாது. உங்க மகன் இருக்காரு. ஒருநாள் வந்து, குந்தி, மொதப் பக்கத்துலருந்து வாசிப்பாரு. ‘இத யாரும்மா எழுதுனது?’ன்னு கேப்பாரு. நீங்க என் பேரச் சொல்லுவீங்க. அத நெனச்சிக்கிட்டுத்தான் நான் சனிக்கெழம பஸ் ஏறுறேன். சிரிக்காதீங்க.

—சிரிக்கேல்ல மகள். உன்னட்டப் பேனா இருக்கா?

—இருக்குங்க.

—கொப்பியில கடைசிப் பக்கம் வெறுமையாக் கிடக்கா?

—ஒரு பக்கம் மிச்சம் இருக்கு.

—எழுது. மிஸ் கேட்ட மாதிரி, இறந்த காலத்தில.

—மிஸ்ஸே வேணாம்னு சொல்லிட்டாங்களே!

—நான் சொல்லுறன், எழுது. ‘மெல்ரோய் எனக்கு ஒரே பிள்ளையா இருந்தான்.’

—இருக்கான்னு போடுறேன்.

—இருந்தான் எண்டு போடு. ‘பாணுக்குள்ள சீனி போட்டுத் திண்டான். ஈரத் தலையோட ஃபேனுக்குக் கீழ நிண்டான். ஏசினா சிரிச்சான். மட்டக்குளி பஸ்ஸால இறங்கினான். அம்மா எண்டு கூப்பிட்டானோ தெரியேல்ல. கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேக்கேல்ல.’ எழுதிட்டியா?

—கை ஓட மாட்டேங்குது அன்ரி. வேணாங்க. நாளைக்கு அவரு வந்து இந்தப் பக்கத்தப் பாத்தா என்னா நெனப்பாரு? பெத்த தாயே என்னச் செத்தவனாக்கிட்டாளேன்னு நெனக்க மாட்டாரா? கிழிச்சிரலாம்.

—கிழிக்காத. இதை அவன் வாசிக்கமாட்டான்.

—ஏன் அன்ரி இப்படிப் பேசுறீங்க? வருவாரு. வந்து வாசிப்பாரு.

—வந்தாலும் வாசிக்கமாட்டான், மகள். அவனையும் நான் சிங்களப் பள்ளிக்கூடத்திலதான் விட்டனான். தமிழில ஒரு எழுத்தும் தெரியாது அவனுக்கு. அதாலதானே, பதிலுக்குப் பாத்துக்கொண்டு இராம, முதல் நாளில இருந்தே உன்னைக்கொண்டு தமிழில எழுதுவிச்சனான்.