கன்னு நீங்கலாகக் காலி

— தாய்மொழிக்குத் தலைக்குப் பதினெட்டு ரூவா வெலை போட்டானுவ, அம்மிணி. மெட்ராஸ்ல ஒரு வியாபாரிமாரு சங்கம். எல்லையில தமிழ் பேசுகவனுக்க மாடுன்னா, ஒரு தலைக்குப் பதினெட்டு. நம்ம அம்மைமாரு ஓசியில தந்த பாஷை, பாத்தியா?

— ரூவா வந்துதா, வேலாயுதண்ணே?

— ரூவா வரேல்ல, பதிலு வந்திருக்கு. நேத்து நாகர்கோயிலுக்குப் போய்ச் சரக்கு எறக்கிட்டு இப்பம்தான் பஸ்ஸ விட்டு எறங்கினேன். கடை தொறக்கும் முன்னே தபால்காரன் கையில திணிச்சிட்டான். அந்த மரச்சீனி மூட்டை மேல இரி. என்ன, கண்ணு செவந்து கெடக்கு?

— பதில்ல என்ன உண்டு?

— சிரிக்கணுமா கரையணுமான்னு தெரியேல்ல, மக்கா. "காலிகளைப் போஷிக்க எங்கள் சங்கத்தில் நிதி இல்லை"ன்னு எழுதியிருக்கான்.

— காலியைப் போஷிக்கத்தானே நிதின்னு நீங்க பறஞ்சீங்க? கறவை வத்தின மாட்ட அம்பூரி மலைக்கு மேய விட்டோம், இப்பம் அங்க ரப்பர் வச்சு அடச்சாச்சு. இனி கொளத்துக்கரைய குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்து, வேலி கெட்டி, புல்லு வெதச்சாத்தான் மாடு பொழைக்கும்னு வீடு வீடா வந்து கைநாட்டு வாங்கினது நீங்கதானே?

— நம்ம காலி வேற, மெட்ராஸ்காரன் காலி வேற, பிள்ளே. நமக்குக் காலின்னா மாடு. அவனுக்குக் காலின்னா ரௌடி. தெருவுல கல்லெறியுகவன்.

— பகவானே!

— "இடமின்றித் திரியும் எங்கள் ஊர்க் காலிகளுக்குத் தீனிக்கு வழி செய்க"ன்னு எழுதி, கீழ வீட்டுக்கணக்கு. அம்மிணி வீட்டில் காலி மூன்று. மெட்ராஸோட சேரணும்னு சமரம் நடக்குற ஊரு, போலீசு வெடி வச்ச ஊரு. எந்த வியாபாரியும் வேட்டியில மூத்திரம் போவான்.

— நல்ல தமிழ் எனக்குத் தெரியும்னு மார்தட்டினீங்களே, அண்ணே.

— ஒரு மலையாளச் சொல்லு கூட வரப்பிடாதுன்னு பல்லைக் கடிச்சில்லா எழுதினேன்! வெள்ளம்னு வந்த எடத்துலயெல்லாம் அடிச்சுத் தண்ணீர் போட்டேன். இதையும் "கன்னுகாலி"ன்னுதான் எழுதினேன், கேட்டியா. பொறவு பாத்தா, கன்னுக்கு ரூவா கெடையாதுன்னு சட்டம் போட்டிருக்கான். சரி, கன்ன வெட்டிட்டா காலி நிக்கும்னு கணக்குப் போட்டேன். கன்னு போச்சு, காலி நின்னுது. சவம், கொம்பு மொளைக்காத ஒரு கன்னுக்குட்டி என்னைக் குத்திப் போட்டுது.

— அந்தப் பட்டியலு இப்பம் எங்க?

— சங்கத்துக்குக் கெட்ட பேரு வரப்பிடாதுன்னு, இங்கிலீஷ்ல ரௌடின்னு பெயர்த்து, நம்ம மனுவையும் சேத்து இங்க போலீசுக்கு அனுப்பிட்டானாம். நீ வரேல்லன்னா நானே உனக்க வீட்டுக்கு ஓடி வந்திருப்பேன். உன்னைக் கெட்டினவன் சுயம்பு இப்பமும் பரண்மேலதானே?

— போலீசு வந்தா எப்படித் தப்பணும்? உங்க புத்தியில என்ன வழி உண்டு, பறயுங்க. கேக்கட்டும்.

— பயப்படாதே. கொடி பிடிச்சு முன்னால போன உனக்க மாப்பிள மாட்டுத் தொழுத்துப் பரண்ல வைக்கோலுக்குள்ள கெடக்கான்னு என்னைத் தவிர எவனுக்குத் தெரியும்? அவனுக்கு வாங்குக பீடி யாருக்குன்னு எனக்க பெஞ்சாதி கேட்டதுக்கே நான் வாய் தொறக்கேல்ல.

— வழியச் சொல்லுங்க.

— லேசு. இன்ஸ்பெக்டர் மலையாளத்தான். காலின்னா மாடுன்னு அவனுக்க அம்மை சொல்லித் தந்திருப்பா. நான் முன்ன போய் நின்னு, "சாரே, காலியாணு, ரௌடியல்ல"ன்னு ஒரு வார்த்தை. வயறு குலுங்கச் சிரிச்சிட்டு, எனக்க செலவுல ஒரு சாயாவும் குடிச்சிட்டுப் போவான்.

— சிரிச்சு முடிச்சு எண்ணிப் பாப்பானே.

— எண்ணட்டும்.

— எனக்க தொழுத்துல நிக்கது ரெண்டு, அண்ணே. நீங்க எழுதினது மூணு.

— அது பின்ன…

— ஏன் மூணுன்னு எழுதினீங்க?

— பத்து கேட்டாத்தான் ஏழு கிட்டும், பிள்ளே. சந்தையில பொறந்தவனுக்கு வேற வேதம் உண்டா? உனக்கு மட்டுமில்ல, எல்லா வீட்டுக்கும் ஒண்ணு கூட்டித்தான் போட்டேன்.

— எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— பறஞ்சா நீயும் பொய் சொல்லணுமே. அந்தப் பாவமும் எனக்கே இருக்கட்டும்னு நெனச்சேன்.

— இல்லாத மூணாவத எங்கயெல்லாம் தேடுவான்னு நெனச்சீங்களா?

— நெனைக்கேல்ல. மெட்ராஸ்ல இருந்து எவன் வந்து வைக்கோல கிளறப் போறான்னு இருந்துட்டேன். சரி, இப்பம் கேளு. எனக்க செவலைப் பசுவ அவுத்து உனக்க தொழுத்துல கெட்டுவோம். கணக்கு நிக்கும், ஒருத்தனும் மேல ஏறமாட்டான்.

— பொறவு?

— பொறவு இருட்டினதும் சுயம்புவ காரோட்டுக் கடப்புறத்துக்குக் கொண்டு போவோம். ததேயூஸ் வள்ளத்துல ஏத்தி கூட்டப்புளியில எறக்கிட்டா அது மெட்ராஸ் மண்ணு. ததேயூஸ் எனக்குத் தெரிஞ்சவனாக்கும், வாய் பேசமாட்டான்.

— அதுவும் நடக்கேல்லன்னா?

— நடக்கேல்லன்னா நானே ஸ்டேஷன்ல போய் நிக்கேன். "ஒண்ணு கூட்டி எழுதின கள்ளன் நானாக்கும், அவ வீட்டுல ரெண்டே உண்டு"ன்னு கையொப்பு போடுகேன். இனி எனக்க தராச ஒருத்தனும் நம்பமாட்டான், போட்டும். எந்திரி, கடைய அடைக்கேன். எந்திரி பிள்ளே, ஏன் இருந்துட்டே இருக்கே?

— செவலைய அவுக்காண்டாம்.

— எடீ, ஜீப்பு வந்துட்டா…

— விடியும் முன்னே வந்துட்டுப் போச்சு, அண்ணே. ரௌடி எங்கன்னு இன்ஸ்பெக்டரு கேட்டான். மாட்டுக்கு எழுதின மனுவாக்கும்னு அடுத்த வீட்டுப் பொன்னப்பன் பறஞ்சான். நீங்க சொன்ன மாதிரியே வயறு குலுங்கச் சிரிச்சான். பொறவு எண்ணினான். பொன்னப்பன் வீட்டுல ஒண்ணு கொறவு. பத்ரோஸ் வீட்டுல ஒண்ணு கொறவு. போன வீட்டுலயெல்லாம் ஒண்ணு கொறவு. எனக்க தொழுத்துல கீழ ரெண்டு, பரண்மேல வைக்கோல கிளறி எறக்கினது ஒண்ணு. நீங்க எழுதின கணக்கு ஒத்துவந்த வீடு எனக்க வீடு மட்டுமாக்கும்.