கோபுரத்துல இருந்தவ

…நாலு நாளா பொண்ண ஏன் அனுப்பலன்னு கேட்டா நான் என்னாங்க டீச்சர் சொல்றது? பஸ்ஸ நம்பியா அனுப்பறது? வந்தா வருது, வராட்டி இல்ல. மூணு கிலோமீட்டர் நடந்து போயி பாடம் படிப்பாளா, காலப் புடிச்சிக்கிட்டு உக்காருவாளா? உக்காருங்க, நிக்கறீங்களே! தேவி, டீச்சருக்குத் தண்ணி கொண்டா!

நாளைக்கு பிராக்டிக்கலு, தெரியுங்க. போகாட்டி பிளஸ் டூ அவ்ளோதான்னு அவளே நாலு தடவ அழுதுட்டா. நான் படிக்க வேணாம்னு சொல்றவளா? படிக்காத கஷ்டம் எனக்குத் தெரியாதா?

லைப்ரரியில இருந்து ஒரு கதப்பொஸ்தகம் குடுத்து வுட்டீங்களே. கதவு இல்லாம, படியும் இல்லாம ஒரு கோபுரம். அதுல ஒரு பொண்ண ஒரு கெழவி அடச்சி வெச்சிருக்கா. கெழவி வந்தா இவ பின்னல சன்னல் வழியாத் தொங்க வுடணும், அவ அதப் புடிச்சி ஏறுவா. தேவி படிக்கப் படிக்க எனக்கு… டீச்சர், அது கத இல்லீங்க. அது நான்!

என்னை வளத்தது எங்க பெரிம்மா. எட்டாவதுல வயசுக்கு வந்தன். அன்னைக்கே பள்ளிக்கூடத்த நிறுத்தி மாடி ரூமுக்கு ஏத்திட்டாங்க. பாப்பாரப்பட்டி கடத்தெருவுல, யூரியா விக்கற ஒரக்கடைக்கு மேல. கல்யாணத்துக்குத்தான் எறங்குனன். ஆறு வருசம், ஒரே சன்னலு. ஊர்ல எல்லார் உச்சந்தலையும் எனக்குத் தெரியும், மூஞ்சி தெரியாது. பொண்ணு பாக்க வந்தவரு குனிஞ்சி செருப்பு கழட்டுனப்பதான், அட, இது சந்தைக்கு வர நடுச்சொட்டைக்காரருன்னு கண்டுபுடிச்சன். முடிதான் அந்தப் பொண்ணு மாதிரி இல்ல. எலிவாலு. அதப் புடிச்சி பூனகூட ஏறாது.

பெரிம்மா கெட்டவங்க இல்லீங்க. மூணு வேளையும் சோறு மேல வரும். 'உன்ன யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது கண்ணு' அப்படிம்பாங்க. ஆனா அந்தக் கதையில வர கெழவிய ரெண்டு நாளு திட்டுனங்க. பால் கறக்கறப்பகூட திட்டுனன்.

என்னாங்க? சைக்கிளா? கவர்மெண்ட்டுல குடுத்ததா… இருக்குது. பஞ்சர் ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்குது… மேல இருக்குது.

மொட்ட மாடியிலங்க. போன வாரம் தண்ணி டேங்கு ஏத்த ஆளுங்க வந்தாங்க. அதே கயித்துல சைக்கிளையும் கட்டி ஏத்தச் சொல்லிட்டன். எங்க வூட்டுக்குத்தான் மாடிப்படி கெடையாதே. இவ ஒரு நாளு அரமணி நேரம் லேட்டு. பேக்கரிகிட்ட நின்னு சிரிச்சிக்கிட்டு இருந்தான்னு எதிர் வூட்டு முனியம்மா வந்து சொல்லிச்சி. யார்கூட? இவ கிளாஸ் பொண்ணுங்ககூடத்தான். இருந்தாலும்… உன்ன யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது கண்ணுன்னுதான்…

…

ஏன் டீச்சர் அப்படிப் பாக்கறீங்க?

…

இருங்க, போவாதீங்க. பக்கத்து வூட்ல ஏணி இருக்குது, இந்தா எடுத்தாறன்… செவுத்துல சாச்சாச்சி. நான் ஏறி, கயித்துல கட்டி எறக்கறன். நீங்க புடிக்க வேணாம், சேல அழுக்காவும். தேவி! தண்ணி கெடக்கட்டும், இங்க வந்து நில்லு. மேல பாரு… சக்கரத்தப் புடி. ம், அப்படித்தான். புடிச்சிட்டியா? கயித்த அவுத்துக்க. போயி காத்து இருக்குதான்னு ஒரு சுத்து ஓட்டிப் பாரு… ஏய், பேக்கரி வரைக்கும்கூடப் போயிட்டு வா!

டீச்சர்… அந்த ஏணியக் கொஞ்சம் கெட்டியாப் புடிச்சிக்கங்க. ஏறிட்டன். எறங்கத்தான் பயமா இருக்குது.