கட்டாத மேட்டுக்கு வரைந்த பிரேக்

பெயர்: பாலகிருஷ்ணன் த/பெ பரமேஸ்வரன்
வயது: 47
தொழில்: தீம் பார்க்கில் ரைடு பராமரிப்பு ஃபோர்மன்
முகவரி: எண் 18, மூன்றாம் ஜாலான், புக்கிட் காத்தில், மலாக்கா
பதிவான நாள்: 8.10.2025, காலை மணி 10.20, ஜாசின் போலீஸ் ஸ்டேஷன்
தமிழில் சொல்லப்பட்டது, எழுதிக்கொண்டவர் மொழிபெயர்ப்பாளர் ராகினி.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி கமலவேணியுடன் குடியிருந்து வருகிறேன். ஜாசின் போகும் சாலையிலுள்ள தீம் பார்க்கில் பதினொரு வருடங்களாக வேலை செய்கிறேன். அங்கு 'ஹெலாங்' என்னும் ரோலர் கோஸ்டர் என் பொறுப்பில் இருக்கிறது. இவ்வழக்கில் தடுத்து வைக்கப்பட்டிருக்கும் இன்ஜினியர் உசாமா எனக்கு மேலதிகாரி. அவருடைய தகப்பனார் ஜைனுதீன் ஜாசின் பாசாருக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவரை நான் பாய் என்று கூப்பிடுவேன்.

1.10.2025 புதன்கிழமை ஆயுத பூஜை. லாரிக்குச் செய்வது போலவே ஹெலாங்கின் முன் சக்கரங்களுக்கும் வருடா வருடம் தண்டவாளத்தில் எலுமிச்சம் பழம் வைத்து, வண்டியை ஏற்றி நசுக்கி, அதன் பிறகு தண்ணீர் அடித்துக் கழுவி, சென்சார்களைத் துடைத்து, அதன் பிறகே ஆள் ஏற்றுவோம். உசாமாவுக்கு இது தெரியும். "வைங்க அண்ணே, ஆனா கழுவாம மட்டும் விட்றாதீங்க" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். அன்று அவர் கோலாலம்பூருக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். வாசலில் சுற்றுலா பஸ்கள் வந்து நின்றுவிட்டன. ஒரு வருடம் கழுவாவிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்து, பழத்தை நசுக்கிய கையோடு பத்து மணிக்கு ஆள் ஏற்றினேன். வேறு யாரும் இதில் முடிவு எடுக்கவில்லை.

அதன் பிறகு 10.50க்கு, சக்கரத்தில் ஒட்டிப் போன எலுமிச்சைச் சக்கை பாதை நடுவிலுள்ள பிரேக்குக்குக் கீழே இருக்கும் சென்சாரின் கண்ணில் அப்பிக்கொள்ள, முன்னால் போன வண்டி அங்கேயே நிற்கிறது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு, பின்னால் வந்த வண்டியை உயரத்திலேயே சட்டென்று நிறுத்திவிட்டது. அதில் பதினாறு பேர் இருந்தார்கள். நான் ஏணிப்படியில் ஏறினேன். ஆட்களை இறக்குவதற்கு முன்பாகச் சென்சாரைத்தான் துணியால் துடைத்தேன். அந்தத் துணியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அதன் பிறகே ஆட்களை இறக்கினேன்.

கோலா சுங்கை பாருவைச் சேர்ந்த மைமூன் என்ற ஐம்பத்திரண்டு வயது அம்மாவுக்குக் கம்பியில் நெஞ்சு மோதி மூன்று விலா எலும்புகள் முறிந்திருந்தன. படியில் இறங்கும்போது அவர் என் கையை விடவே இல்லை. "நீ நல்லா இருக்கணும் தம்பி" என்றார். என் கையில் எலுமிச்சை வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு மாலையில், விசாரணை வரும் என்று பயந்து கீழ்க்கண்ட காரியத்தைச் செய்தேன். கட்டாமல் போன ரைடுகள், கைவிட்ட டிசைன்கள் பற்றிக் கதை பேசும் வாட்ஸ்அப் குழு ஒன்று உள்ளது. அதில் நான் சொந்தப் பெயரைச் சொல்லாமல் பழைய பிளான்களின் படங்களைப் போட்டு வந்தேன். அங்கே எனக்கு நல்ல மரியாதை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹெலாங்கின் முதல் பிளான் எங்கள் ஸ்டோரில் இருக்கிறது. அதில் தண்டவாளம் முப்பத்தெட்டு மீட்டர் உயரம் ஏறி இறங்கும் மேடு ஒன்றும், அதற்காக மூன்றாவது பிரேக் ஒன்றும் உண்டு. மண் இளக்கமாக இருந்ததால் மேட்டைக் கைவிட்டார்கள். மேடு இல்லாததால் அந்த பிரேக்கும் தேவைப்படவில்லை. அதில் ஒரு தவறும் இல்லை என்பது எனக்கு அன்றும் தெரியும். உயரமும் 'கைவிடப்பட்டது' என்ற குறிப்பும் விழாதபடி படத்தை வெட்டி, பிரேக் தெரியும் மூலையை மட்டும் குழுவில் போட்டேன். "பிளான்ல மூணு பிரேக். கட்டுனது ரெண்டுதான். மாத்துனதுக்குக் கையெழுத்துப் போட்டது யாருன்னு கேளுங்க லா" என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டவர் உசாமா.

மறுநாள் காலைக்குள் அந்த மூன்றாவது பிரேக்கை உசாமா விற்றுவிட்டார் என்றும், சோதனை ஓட்டத்தில் ஒரு தொழிலாளி செத்ததை மறைத்துவிட்டார் என்றும் கதை வளர்ந்துவிட்டது. இந்த இரண்டையும் நான் எழுதவில்லை. ஆனால் இரண்டுக்கும் லைக் போட்டேன். 3.10.2025 அன்று போலீசார் உசாமாவை அழைத்துப் போனார்கள்.

அதன் பிறகு 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பாய் என் வீட்டுக்கு வந்தார். "பாலா, அந்த ரைடு கட்டுனப்பவே நீங்க கூட இருந்தவரு. எங்கிட்ட மறைக்காதீங்க. புள்ள தப்புப் பண்ணிட்டானா?" என்று கேட்டார். நான் "தெரியல பாய்" என்றேன். கமலவேணி கொடுத்த தேநீரை அவர் தொடவில்லை. மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய், மைமூன் அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்று, மகனுக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இதைக் கமலவேணி கடையில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். அந்த மன்னிப்பை நான் கேட்டிருக்க வேண்டும்.

இன்று காலை முதலில் பாயிடமே சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். "உசாமா விஷயமா ஸ்டேஷனுக்குப் போறேன் பாய்" என்று மட்டும் சொன்னேன். அவர் கடையை அடைத்துவிட்டு, தன் வேனில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். மகனுக்காக நான் நல்ல வார்த்தை சொல்லப் போகிறேன் என்று நினைத்து வழி நெடுக நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். நான் திருத்தவில்லை. இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

துடைத்த துணியையும், வெட்டாத முழுப் படத்தையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். உசாமா மீது எந்தக் குற்றமும் இல்லை.

இதைப் பாய்க்கும் படித்துக் காட்ட முடியுமா என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். அது போலீசின் வேலை இல்லை, நீங்களே போய்ச் சொல்ல வேண்டும் என்றார்.

நான் சொன்னபடியே இவை எழுதப்பட்டிருக்கின்றன. படித்துக் காட்டக் கேட்டேன். மிரட்டலோ ஆசை வார்த்தையோ இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்லி, கீழே கையொப்பமிட்டு, வெளியே போகிறேன்.

(ஒப்பம்) பாலகிருஷ்ணன் த/பெ பரமேஸ்வரன்