அபேல் பால்வினின் இரண்டாவது என்டோஸ்கோபி

பெயர் ரொஹெலியோ ஒரிவேலா, வயது 51, பெரு நாடு, வாங்காயோ நகரம், எல் தம்போ பகுதி. விசாரித்தபோது சொன்னதாவது:

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்துகொண்டு, இவ்வூர் மருத்துவமனை ஒன்றில் வயிற்று நோய் மருத்துவராக இருக்கிறேன். இறந்துபோன அபேல் பால்வின் உருளைக்கிழங்கு லாரி ஓட்டியவர். அவர் மனைவி நிக்கோலாசா ஆகாத ஆகாரம் கொடுத்து அவரைச் சாகடித்ததாக அபேலின் அக்காள் எமெரித்தா கொடுத்த புகார் சம்பந்தமாக என்னை விசாரிக்கிறார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை அபேலை ரத்த வாந்தியோடு கொண்டுவந்தார்கள். முதுகுவலிக்கென்று கடையில் தானாகவே மாத்திரை வாங்கி வருஷக்கணக்கில் விழுங்கியவர். வாய் வழியாக என்டோஸ்கோபிக் குழாயை இறக்கிப் பார்த்ததில் இரைப்பையில் புண் இருந்து ரத்தம் பீச்சிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஊசி மருந்து செலுத்தி, அதன் பிறகு சிறிய உலோகக் கிளிப்பை மாட்டி ரத்தத்தை நிறுத்தினேன். நான் சொல்லும்வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று நிக்கோலாசாவிடம் சொன்னேன். அபேல் மயக்கம் தெளிந்ததும், "வயித்துக்குள்ள கிளிப்பு மாட்டியிருக்கீங்களாமே டாக்டரய்யா, என்ன, துணி காயப் போடவா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மாலை அவருக்கு மலம் கறுப்பாகப் போனதாகவும் நாடித்துடிப்பு கூடியிருப்பதாகவும் செவிலியர் சொன்னார். என்ன கொடுத்தீர்கள் என்று நான் போய்க் கேட்டதில், நிக்கோலாசா எதையும் மறைக்காமல் பாத்திரத்தைத் திறந்து காட்டினார். கோழி ரத்தப் பொரியல். "அவ்வளவு ரத்தம் போயிருக்கே டாக்டரய்யா, போன ரத்தத்துக்கு ரத்தந்தானே குடுக்கணும்? உங்க ஆஸ்பத்திரிச் சுவத்துலயே படம் போட்டு எழுதியிருக்கே" என்றார். எழுதியிருப்பது உண்மை. ரத்தசோகைப் பிள்ளைகளுக்குக் கோழி ரத்தம் சமைத்துக் கொடுக்கச் சொல்லி எழுதியது. நான் முன்கோபி. எல்லோர் முன்னிலையிலும், "புருஷனை நீயே கொன்னு போட்டுருவ போலிருக்கே" என்று ஏசினேன். எமெரித்தா அங்கே நின்றிருந்தார். புகாரில் அவர் எழுதியிருப்பது என் வார்த்தைதான்.

அதற்குப் பிறகு, ரத்தப் பொரியல் தின்றவருக்கு மலம் கறுப்பாகத்தானே போகும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். நாடித்துடிப்பு கூடியதற்குப் பொரியல் காரணமாகாது, உள்ளே மறுபடி ரத்தம் கசியலாம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், வயிற்றில் சாப்பாடு கிடக்கிறது, காலையில் குழாயை இறக்கிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். விடிந்ததும் அபேல் மறுபடி ரத்த வாந்தி எடுத்தார். ஓடிவந்து குழாயை இறக்கினால் வயிறு முழுக்கக் கறுத்த கட்டிகள். உறிஞ்ச உறிஞ்ச நிறைந்தது. புண் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆபரேஷனுக்குத் தூக்கிப் போகும் வழியில் அபேல் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில், நான் மாட்டிய கிளிப் கழன்று கிடந்தது. அவர் தின்றது கொஞ்சம்தான். வயிற்றில் நிறைந்திருந்தது அவருடைய சொந்த ரத்தம். முந்தின மாலையே பார்த்திருந்தால் இன்னொரு கிளிப் மாட்டியிருக்கலாம்.

நிக்கோலாசா வெளியே நின்றிருந்தார். அழவில்லை. "நான் குடுத்ததுனாலயா டாக்டரய்யா?" என்று மட்டும் கேட்டார். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டே அவரைத் தாண்டிப் போய்விட்டேன். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லை என்று இப்போது சொல்கிறேன். இதை அவருக்கும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே கண்டவை யாருடைய தூண்டுதலும் இன்றி நான் சொன்னவை. எனக்குப் படித்துக் காட்டினார்கள், அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ரொஹெலியோ ஒரிவேலா