கை வைக்க இடமில்லாத பாட்டு

— அந்த ஹெட்போனைக் கழட்டுங்க மாமா. கடைக்குப் போய் ஒரு கேபிள் வாங்கிட்டு வர்றதுக்குள்ள என் கம்ப்யூட்டரை யார் திறக்கச் சொன்னா?

— கழட்டமாட்டேன். யாருடா இந்தம்மா?

— எந்தம்மா?

— இதோ, காதுக்குள்ள பாடிக்கிட்டு இருக்காங்களே, இந்தம்மா. உங்கக்காவைக் கட்டின வருஷத்துல இருந்து, பதினோரு வருஷமா, ஞாயித்துக்கிழமையானா இந்த ரூம்ல என் குரல் மட்டும்தான் கேட்டிருக்கு. இன்னிக்கு வந்து உக்கார்றேன், பொம்பளைக் குரல். அதுவும் என் மைக்ல.

— மைக் நான் வாங்கினது மாமா.

— யார் வாய்க்காக வாங்கின? கேக்குறேன்ல, யாரு?

— மருந்துக்கடைல வேலை பாக்குறவங்க. அவங்கப்பாவோட பல்செட் உடைஞ்சிடுச்சுன்னு நான் பல்லு கட்டுற லேபுக்குக் கொண்டு வந்தாங்க. நான் ஒட்டி ராவிக்கிட்டு இருந்தேன். அவங்க பெஞ்சுல உக்காந்து மெதுவா ஏதோ முனகிக்கிட்டு இருந்தாங்க. என்னன்னா மாமா, கை தானா நின்னுடுச்சு. வீட்ல சும்மா பொழுதுபோக்கா ரெக்கார்டிங் பண்றோம், ஒரு பாட்டு பாடிப் பாக்குறீங்களான்னு கேட்டேன். அவ்வளவுதான்.

— என் குரலைக் கேட்டு உன் கை என்னைக்காவது நின்னிருக்கா?

— உங்க குரல் வேற மாமா.

— வேறன்னா?

— வேறன்னா... வேற. டீ போடவா?

— டீயைப் போட்டு வாயை அடைக்கலாம்னு பாக்குறியா? உக்காரு. அந்தம்மா எங்க நின்னு பாடினாங்க?

— அங்கதான். அலமாரிக்கும் மெத்தைக்கும் நடுவுல.

— என் ஸ்டூல்லயா உக்கார வெச்ச?

— நின்னுக்கிட்டே பாடினாங்க மாமா.

— ஜன்னல்ல அந்தப் பச்சைப் போர்வையைக் கட்டினியா?

— கட்டாம எப்படி? பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் உள்ள வருமே.

— அது உங்கக்கா எனக்குன்னு மடிச்சுக் குடுத்த போர்வைடா. சரி, எத்தனை டேக் எடுத்த?

— ஒண்ணு.

— ஒண்ணா? எனக்குப் பதினேழு எடுப்பியே. இன்னொண்ணு பாடுங்க மாமா, இன்னும் ஒண்ணே ஒண்ணு மாமான்னு தொண்டை வறண்டு போற வரைக்கும் விடமாட்டியே.

— அது என்னன்னா மாமா...

— நீ சொல்லவேண்டாம், எனக்கே தெரியும். என் பாட்டுன்னா வேலை. அந்தம்மா பாடினா வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டு நின்னிருப்ப. இன்னொரு டேக்னு கேக்குற நினைப்பே வந்திருக்காது.

— அதுல ஒண்ணும் பொய் இல்ல மாமா.

— ஒத்துக்கிறான் பாரு, கொஞ்சமாவது மறைச்சுப் பேசினானான்னு. உங்கக்கா நேத்து சொன்னா, தம்பி இந்த மாசம் ரொம்ப சந்தோஷமா இருக்கான், யாரோ நல்லா பாடுறவங்க கிடைச்சிருக்காங்களாம்னு. சோத்துல கை வெச்சவன் அப்படியே எழுந்து போய்ட்டேன் தெரியுமா? நல்லா பாடுறவங்க கிடைச்சிருக்காங்கன்னா, இத்தனை வருஷமா கிடைக்கலன்னுதானே அர்த்தம்?

— அக்கா ஏதோ போற போக்குல சொல்லியிருப்பா மாமா.

— உங்கக்கா போற போக்குல எதையும் சொல்றவ இல்ல. சரி, அதெல்லாம் இருக்கட்டும். சனிக்கிழமை எங்க மேனேஜர் ரிட்டயர் ஆறார். மண்டபத்துல பார்ட்டி. நான் பாடுறேன்னு பேர் குடுத்தாச்சு.

— நல்லதுதானே. போன தடவை மாதிரி நம்ம ரெக்கார்டிங்கை எடுத்துட்டுப் போய்ப் போடுங்க. எல்லாரும் கைதட்டினாங்கன்னு சொன்னீங்களே.

— ரெக்கார்டிங் கிடையாது. மேடை ஏறி, மைக்கைப் பிடிச்சு, நேரா பாடப்போறேன். கீபோர்டு வாசிக்க அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல ஒரு ஆள் இருக்காரு. பேசிட்டேன்.

— மாமா, வேணாம் மாமா.

— ஏன்?

— மேடைன்னா பதட்டம் வரும். மண்டபத்துல எக்கோ வேற அடிக்கும்.

— எனக்கா எக்கோ? நான் லிஃப்ட் மெக்கானிக்டா. குழிக்குள்ள நின்னு பாடினா எட்டு மாடிக்கும் கேக்கும். அஞ்சாவது மாடில டைப் அடிக்கிற பொண்ணுங்க வேலையை விட்டுட்டு லிஃப்ட் கதவுல காதை வெச்சுக் கேட்டிருக்காங்க. ரிப்பேர் முடிஞ்சுபோச்சான்னு ஏக்கமா கேப்பாங்க.

— லிஃப்ட் எப்ப ஓடும்னு கேட்டிருப்பாங்க மாமா.

— நக்கலா?

— இல்ல மாமா. என்னன்னா, ஒரு வழி சொல்றேன். ரெக்கார்டிங்கை ஓட விடுங்க, நீங்க மைக்கைப் பிடிச்சுக்கிட்டு வாயை மட்டும் அசைங்க. யாருக்கும் தெரியாது.

— வாயை மட்டும் அசைக்கணுமா? மாப்ள, நீ இல்லாம நான் பாடிடுவேன்னு உனக்குப் பயம். மாமன் பேரு தனியா வெளில போயிடக்கூடாது, அதானே? அந்தம்மாவுக்கு ஒரே டேக்ல பேரு. எனக்கு வாயசைப்பு.

— நான் அந்த அர்த்தத்துல சொல்லல.

— வேற எந்த அர்த்தத்துல சொன்ன? முடிவாச் சொல்லிடறேன், கேட்டுக்கோ. இந்த ரூம்ல ஒண்ணு அந்தம்மா பாடணும், இல்ல நான் பாடணும். இப்பவே சொல்லு. அந்தம்மான்னா, இன்னிக்கே போர்வையை எடுத்துக்கிட்டுக் கிளம்புறேன்.

— சின்னக் குழந்தை மாதிரி பேசாதீங்க மாமா.

— அந்தம்மாவோட போச்சுன்னா கூடப் பரவாயில்ல. இன்னொருத்தனையும் சேத்து வெச்சிருக்க. அதைச் சொல்லு முதல்ல.

— இன்னொருத்தனா? யாரு?

— முழிக்காத. அந்தம்மா பாட்டைத் தேடும்போது பக்கத்துலயே ஒரு ஃபோல்டர். பேரு இல்ல, வெறும் தேதியா போட்டிருக்கு. ஒண்ணைத் திறந்து ரெண்டு வரி கேட்டேன். யாரோ ஒருத்தன் என் பாட்டைப் பாடுறான். போன மாசம் நீயும் நானும் சேர்ந்து மெட்டுப் போட்டோமே, அதே பாட்டு. என் பாட்டைத் தூக்கி எவனுக்கோ குடுத்திருக்க.

— அதை ஏன் மாமா திறந்தீங்க?

— ஏன் திறக்கக்கூடாது? இரு, ஸ்பீக்கர்ல போடுறேன். நீயும் கேளு. எனக்குப் பதிலா யாரைப் பிடிச்சோம்னு வெக்கப்படு.

— மாமா, சொன்னாக் கேளுங்க. அதை மூடுங்க.

— கேளுடா. இதெல்லாம் ஒரு குரலா? பல்லவியை எங்க எடுக்கிறான் பாரு. சுருதி ஒரு பக்கம் போகுது, இவன் ஒரு பக்கம் போறான். பாவம், அவனுக்கு யாராவது வழி சொல்லி அனுப்பக்கூடாதா?

— போதும் மாமா.

— இரு, இப்ப சரணம் வரும். மேல போய் நிக்கணும். நான் எப்படிப் போய் நிப்பேன், எங்க ஆபீஸ்ல அந்த இடத்துக்குத்தானே அப்படிக் கைதட்டினாங்க. இவனைப் பாரு. ஏறுறான், ஏறுறான்... ஐயோ, ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட லிஃப்ட் மாதிரி அந்தரத்துல நிக்கிறான். இறக்கி விடுங்கடான்னு கதவைத் தட்டுற மாதிரியே இருக்கு.

— மாமா, அந்த மவுஸைக் குடுங்க.

— கையை எடு. முழுசாக் கேக்காம விடப்போறதில்ல. உங்கக்காவையும் கூப்பிட்டுக் காட்டணும். இவன் எங்க வேலை பாக்குறான்? இவனுக்கும் பல்லு கட்டினியா? வாய்க்குள்ள பஞ்சை வெச்சுக்கிட்டே பாடினானா?

— முடியப்போகுது. நிறுத்திடுங்க.

— முடியட்டுமே.

— “மாப்ள, ஃபேனைப் போடு, வேர்த்துக் கொட்டுது. இது எப்படி வந்துச்சு? பிரமாதம்ல?”

— ...நான் இப்ப வாயே திறக்கல.

— ஆமா மாமா. ஸ்பீக்கர்ல வந்தது.

— அது என் குரல்.

— ஆமா.

— ஃபேனைப் போடச் சொன்னது என் குரல். அதுக்கு முன்னாடி பாடினது?

— அதுவும் நீங்கதான் மாமா. போன மாசம், ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. பதினேழு டேக்ல இது ஒம்பதாவது. இதுதான் இருக்கிறதுலயே நல்லா வந்தது.

— திரும்பப் போடு.

— வேணாம் மாமா.

— போடுடா.

— தண்ணி குடிங்க முதல்ல. முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

— நான் வீட்ல கேக்குறேனே, அந்தப் பாட்டு? மேல போய் நிக்குதே, அது யாரு?

— நீங்கதான். என்னன்னா, நான் கொஞ்சம் தூக்கி வெச்சேன்.

— கொஞ்சமா?

— ஒவ்வொரு எழுத்தா மாமா. ஒரு சொல்லை இந்த டேக்ல இருந்து எடுப்பேன், அடுத்த சொல்லை இன்னொண்ணுல இருந்து. சேர்த்து ஒட்டி, இறங்கினதை ஏத்தி, ஏறினதை இறக்கி, ஒட்டு தெரியாம ராவி விடுவேன். பல்லு கட்டுற மாதிரிதான். போட்டுக்கிட்டவருக்கே இது கட்டின பல்லுன்னு மறந்துபோகணும். அந்தச் சரணத்துக்கு மட்டும் மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு. நீங்க சாப்பிட்டுப் போனதுக்கு அப்புறம் உக்காந்து பண்ணுவேன்.

— எத்தனை பாட்டுல இந்த மாதிரி?

— எல்லாத்துலயும் மாமா.

— உங்கக்காவுக்குத் தெரியுமா?

— அக்கா நீங்க குளிக்கும்போது பாடுறதையும் கேக்குறா, ரெக்கார்டிங்கையும் கேக்குறா. இதுவரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல.

— அப்ப தெரியும்.

— தெரிஞ்சிருக்கும்.

— பதினோரு வருஷமா அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னைப் பாடகனாவே நடமாட விட்டிருக்கீங்க. முதல் நாளே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே. உங்களுக்கு வராது மாமா, வேற வேலை இருந்தா பாருங்கன்னு.

— சொல்லத்தான் நினைச்சேன். முதல் பாட்டை சரிபண்ணிக் குடுத்த அன்னிக்கு, அதைக் கேட்டுட்டு நீங்க அழுதீங்க. எப்படிச் சொல்றது?

— மேடையில ஏறியிருந்தேன்னா?

— அதான் வேணாம் வேணாம்னு கத்தினேன்.

— கத்தின. நான்தான் உனக்குப் பொறாமைன்னு நினைச்சேன். உண்மையைச் சொல்லட்டுமா மாப்ள? பொறாமை எனக்குத்தான். அந்தம்மா பாட்டைப் போட்டதுமே உன்கிட்ட சண்டை போடணும்னு தோணிடுச்சு. ஏன்னு அப்ப புரியல. பாட்டு நல்லா இருந்ததுதான் காரணம். நான் பாடுறதா நினைச்சுக்கிட்டு இருந்தேன் பாரு, அதை அவங்க சும்மா, வந்து நின்ன இடத்துல பாடிட்டுப் போயிருக்காங்க.

— மனசை விட்டுடாதீங்க மாமா. அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு புதுப் பாட்டை எடுப்போம்.

— எடுக்கறதாவது. நான் இனிமே வரல. கோபத்துல சொல்லல, நம்பு. இந்த ஸ்டூல், போர்வை எல்லாம் இங்கயே இருக்கட்டும். அந்தம்மா வந்தா உக்காரச் சொல்லு. உனக்கு நல்ல குரல் கிடைச்சிருக்கு, விடாத.

— மாமா...

— சனிக்கிழமைக்கும் ஒரு வழி பண்ணலாம். எனக்குத் தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லிடறேன். எனக்குப் பதிலா அவங்க பாடட்டும். மேனேஜர் நல்ல மனுஷன், ஒரு நல்ல பாட்டு கேட்டுட்டு ரிட்டயர் ஆகட்டும். நானே மருந்துக்கடைல போய்க் கேக்குறேன். நம்பர் குடு.

— நம்பர் இல்ல மாமா.

— பாட வெச்சிருக்க, நம்பர் இல்லையா?

— அழிச்சிட்டேன். புதன்கிழமை ஃபோன் பண்ணி, ரூமை காலி பண்றோம், இனிமே ரெக்கார்டிங் கிடையாது, வரவேண்டாம்னு சொல்லிட்டேன்.

— ரூமை காலி பண்றோமா? ஏன்டா பொய் சொன்ன? எனக்காகவா? நான் கோவிச்சுப்பேன்னா?

— உங்களுக்காகன்னு சொன்னா நீங்க நம்பிடுவீங்க.

— பின்ன எதுக்குடா?

— அவங்க பாடிட்டுப் போனதும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்தேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். கை வைக்க ஒரு இடம் கிடைக்கல.

— அது நல்லதுதானே?

— கேக்குறவங்களுக்கு நல்லது. அக்காகிட்ட சந்தோஷமா இருக்கேன்னு சொன்னேன். ராத்திரி படுத்தாத் தூக்கம் வரல. உங்க பாட்டுல ஒவ்வொரு எழுத்துலயும் நான் இருக்கேன். அந்தப் பாட்டுல நான் எங்கயுமே இல்ல மாமா.