வருஷத்துக்கு நாலு மூடி

— முடியாது அத்தை. ஆதாரம் இல்லாத வரிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

— மேடம், இந்த அறைக்குள்ள நான் உங்க ஆராய்ச்சி மாணவி. அத்தை, மருமக எல்லாம் வீட்டோட. காலையில நீ ஈரத் துண்ட என் கட்டில்ல போட்டுட்டு வந்ததப் பத்தி நான் இங்க வாயத் திறந்தேனா?

— இப்பத் திறந்துட்டீங்களே.

— அது சும்மா, ஒரு எடுத்துக்காட்டுக்கு.

— நெறியாளரா சொல்றேன், கேளுங்க. இன்னைக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள உங்க ஆய்வுச் சுருக்கம் என் கையெழுத்தோட கீழ போகணும். போகலன்னா உங்க பதிவு ரத்து. இனிமே நீட்டிப்பும் கிடையாது. ஆனா முதல் வரியே ஆட்டம் காணுது.

— எது, 'ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு டப்பா மூடிகளைத் தொலைக்கிறது'ங்கறதா? உலகத்துக்கே தெரிஞ்ச சங்கதி மேடம். பச்சக் குழந்தையக் கேட்டாக்கூடச் சொல்லும்.

— பச்சக் குழந்தை சொல்றத ஆய்வேட்டுல போட முடியாது. யாரு சொன்னது, எப்பச் சொன்னது, எதை வச்சுச் சொன்னது, சொன்னதுல அவங்களுக்கு என்ன லாபம். எந்த மூலத்த எடுத்தாலும் இதையெல்லாம் கேட்டுட்டுத்தான் உள்ள விடணும்.

— தெரியுமே. என் பையன் லேட்டா வந்தா வாசல்லயே நிக்க வச்சு இதத்தான கேக்கற.

— அவர் ஒரு தடவையாவது உருப்படியா ஒரு ஆதாரம் காட்டியிருக்காரா?

— நாம விஷயத்துக்கு வருவோம் மேடம். போன மாசம் நீ என்னை இந்த அறைய விட்டு விரட்டினதுல இருந்து நான் சும்மா இருக்கல. தண்ணி வாரியத்துல, புகார்ப் பிரிவுல, காலம் பூரா உட்கார்ந்தவ நான். பூமிக்கு அடியில எந்தக் குழாய்ல ஓட்டைன்னு நாற்காலிய விட்டு எழுந்திரிக்காமக் கண்டுபிடிச்சவ. ரிட்டயர் ஆன மறுநாள் நம்ம சமையலறை அலமாரியத் திறந்தா மலை மாதிரி டப்பா சரிஞ்சு விழுது, ஒண்ணுக்கும் மூடி பொருந்தல. அரை மணி நேரம் என்னை வெளிய தோண்டி எடுத்தாங்க. அன்னைக்கே சபதம் போட்டேன், இந்த விஷயத்துல டாக்டர் பட்டம் வாங்காம ஓய மாட்டேன்னு.

— ரெண்டு டப்பா விழுந்துது. நான் பக்கத்துலதான் நின்னேன். சரி, மூலத்துக்கு வாங்க.

— வரேன், வரேன். முதல்ல இணையத்துல தேடினேன். தட்டின உடனே ஒண்ணு குதிச்சு வந்துது. 'ஆண்டுக்கு நான்கு மூடிகள் தொலைகின்றன, ஆகவே ஐந்தாக வாங்குங்கள்'னு.

— யாரோட பக்கம் அது?

— மூடி செய்யற கம்பெனி. நீ சொல்லிக் குடுத்த லாபக் கேள்விய மனசுக்குள்ள கேட்டேன், தானாவே விழுந்துட்டாங்க. அடுத்தது ஒரு பேராசிரியர். ஒரே வருஷத்துல நூத்துக்கணக்குல கட்டுரை போட்டிருக்கார். மூடி, பாலம், பல்வலி, எதையும் விட்டு வைக்கல. இந்த மனுஷன் எப்பச் சாப்பிடுவார்னு கவலையாப் போச்சு.

— அவரையும் தள்ளுங்க.

— தள்ளியாச்சு. அப்புறம் ஒரு ஆய்விதழ். பேரு ஆரம்பிச்சா முடியறதுக்குள்ள மூச்சு வாங்குது. நிபுணர்கள் பரிசோதிச்ச கட்டுரைங்களத்தான் போடுவோம்னு அட்டையில கொட்டை எழுத்துல இருக்கு. சரி, அந்த நிபுணர்களப் பரிசோதிப்போம்னு, நம்ம வீட்ல வெளுக்கப் போட்ட துணிக் கணக்குக்கு ஒரு தலைப்பு வச்சு அனுப்பினேன்.

— அனுப்பினீங்களா?

— 'சட்டை, போர்வை, தலையணை உறை: ஒரு மறுவாசிப்பு'. மறுநாளே பதில். 'ஆழமான கட்டுரை, தலையணை உறை பற்றிய பகுதியை மட்டும் விரிவாக்கவும்'னு.

— அந்த இதழத் தூக்கிக் குப்பையில போடுங்க.

— போட்டுட்டேன். விரிவாக்கி அனுப்பிட்டுத்தான் போட்டேன். அடுத்த இதழ்ல வருது.

— அத்தை.

— உழைப்பு வீணாப் போகக் கூடாதில்ல? அதுக்கப்புறம்தான் நூலகத்துக்கே போனேன். பழைய ஆய்விதழ் எல்லாம் மேல் தட்டுல. அந்த ஏணி இருக்கே, உச்சியில ஏறி நின்னா மேகம் வந்து மூக்குல இடிக்குது. தூசிக்கு ஒரு தும்மல் போட்டேன் பாரு, பின்னாடி அலமாரி இடுக்குல எந்தக் காலத்துலயோ தூங்கிப் போன ஒரு ஆராய்ச்சி மாணவர் எழுந்து, 'என்னை வாய்மொழித் தேர்வுக்குக் கூப்பிட்டாங்களா'ன்னு கேட்டார். தாடி இடுப்பு வரைக்கும்.

— நீங்க சொல்றதுக்கெல்லாம் நான் ஆதாரம் கேக்க ஆரம்பிச்சா பொழுது போயிடும்.

— நம்பினா நம்பு. அங்க நான் முதல்ல எடுத்தது உன் ஆய்வேடு.

— என்னோடதா? அது எதுக்கு?

— குடும்பத்துலயே ஒரு டாக்டர் இருக்கறப்போ வெளிய எதுக்குப் போகணும்னுதான். ரெண்டாம் இயல், முதல் வரி. வருஷத்துக்கு நாலு மூடி. அச்சு அசல் என் வரி.

— நான் மேற்கோள் காட்டியிருக்கேன். அடிக்குறிப்பப் பாருங்க.

— காட்டியிருக்க. தலைகாணி கனத்துக்கு ஒரு புத்தகம். அதப் படிச்சியா மேடம்?

— அட்டைய விடக் கொஞ்சம் கூடவே படிச்சிருக்கேன்.

— நான் முழுசும் படிச்சேன். அதுல அதே வரி, கீழ ஒரு மாநாட்டு உரையக் கை காட்டியிருக்கு. உரைய எடுத்தா அது ஒரு கட்டுரையக் கை காட்டுது. அந்தக் கட்டுரை இன்னொரு கட்டுரைய. எனக்கு ஒரே குஷி. இது அப்படியே எங்க வாரியத்துல ஃபைல் சுத்தற சுத்து. யாரும் பிரிச்சுப் பாக்கறதில்ல, அடுத்த மேசையக் காட்டி விட்டுடறது. நடுவுல ஒருத்தர், நாலுங்கறது ஆராய்ச்சி மாதிரி தெரியலன்னு மூணே முக்கால்னு திருத்தியிருக்கார்.

— முக்கால் மூடி எப்படித் தொலையும்?

— வரைபடம் போட்டு விளக்கியிருக்கார் மேடம், அம்புக்குறியெல்லாம் வச்சு. இந்த எண்ண நம்பி ஒரு நாட்டுல மூடித் துறைக்குன்னு தனி அமைச்சரே இருக்காராம்.

— அத்தை.

— சரி, துணை அமைச்சர்.

— அத்தை.

— சரி, ஒரு கமிட்டி. கூடிப் பேசிக் கலைஞ்சுட்டாங்க.

— கடைசியில எங்க போய் நின்னுது? அதச் சொல்லுங்க முதல்ல. என் பதவி உயர்வு நேர்காணல் வேற வருது. அந்த ஆய்வேட்டத்தான் கொண்டுபோய் மேசையில வைக்கணும்.

— அப்படி வா வழிக்கு. ஆட்டம் காணறது என் வரி மட்டும் இல்ல.

— நாம உங்க வரியப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம்.

— அப்பக் கண்டுபிடிச்சத நான் ஏன் சும்மா குடுக்கணும்? எப்படிப்பட்ட மூலம் காட்டினா கையெழுத்துப் போடுவ, அதச் சொல்லு. நான் ஒண்ணு கொண்டு வந்து நீ நொட்டை சொல்லி, இன்னொண்ணு கொண்டு வந்து அதுக்கும் நொட்டை சொல்லி, போதும் மேடம். கால் தேயுது.

— மாமியாருக்குச் சலுகை காட்டிட்டேன்னு எதிர் அறையில இருக்கற மனுஷர் காத்துட்டிருக்கார் ஊரெல்லாம் சொல்ல. அதனால ஒரேயடியாச் சொல்லிடறேன். அந்த எண்ண முதன்முதல்ல வாயால சொன்ன ஆள் உயிரோட இருக்கணும். எதிர்ல உட்கார வச்சு நேரடியாக் கேக்க முடியணும். அப்படி ஒரு ஆளக் காட்டிட்டீங்கன்னா அதுக்கு மேல ஒரு மூலம் உலகத்துல கிடையாது. கண்ண மூடிட்டுப் போடறேன்.

— பேச்சு மாற மாட்டியே?

— உங்க பையன் மேல ஆணையா.

— அவன் மேல எல்லாம் வேண்டாம், உன் பதவி உயர்வு மேல சொல்லு.

— சரி, அது மேல.

— இப்பக் கேட்டுக்கோ. அந்தத் தாடிக்காரர் தலைக்கு அடியில வச்சுத் தூங்கிட்டிருந்தாரே, அதுதான் எல்லாத்துலயும் பழைய ஆய்விதழ். பிடுங்கிப் பாத்தேன். அதுலதான் நாலு மூடி முதன்முதலா அச்சேறியிருக்கு. கீழ யாரையும் கை காட்டல. ஒரு காலேஜ் பொண்ணு வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதின கட்டுரை. அந்தப் பொண்ணு பின்னாடி பெரிய பேராசிரியையாகி, அவங்களும் ரிட்டயர் ஆகி உட்கார்ந்திருக்காங்க. நேர்லயே போயிட்டேன். வீடு பூரா மூடிதான் மேடம், சுவத்துல, கூரையில. டப்பான்னு ஒண்ணுகூடக் கண்ணுல படல.

— என்ன சொன்னாங்க?

— அன்னைக்கு வெயில்ல தெருத் தெருவா அலைஞ்சாங்களாம். மூடி எத்தனை தொலைஞ்சுதுன்னு கேட்டா, என்னவோ திருட்டுப் பட்டம் கட்ட வந்தவ மாதிரி எல்லா வீட்லயும் கதவச் சாத்தினாங்களாம். ஒரே ஒரு வீட்லதான் கதவு பாதி திறந்து பதில் வந்துதாம். தயக்கமே இல்ல. கைய நீட்டி விரலக் காட்டி, நாலுன்னு கணீர்னு. 'என் வாழ்நாள்ல அவ்வளவு உறுதியான தகவலாளர நான் பாத்ததில்ல'ன்னு கண்ணு கலங்கறாங்க பாவம்.

— ஒரே வீடா? சராசரின்னுல்ல எழுதியிருக்கு?

— ஒரு வீட்டோட சராசரி அந்த வீடுதான மேடம். கணக்குல குத்தம் சொல்ல முடியாது.

— யாரு அந்தத் தகவலாளர்?

— நானும் அதத்தான் கேட்டேன். 'குடும்ப உறுப்பினர்னு எழுதியிருக்கேனே, போதாதா'ன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிட்டாங்க. தூங்கறாங்களா நடிக்கறாங்களான்னு புரியல. ஆனா வீட்டுக்கு அடையாளம் சொன்னாங்க. மாடிப்படி நேரா சமையலறைக்குள்ள வந்து இறங்கற வீடாம். என்ன மேடம், முகம் வெளுக்குது?

— அப்படி எத்தனையோ வீடு இருக்கும்.

— எங்க இருக்கும்? உங்க வீட்டுக்கு நாங்க முதல் தடவை வந்தப்போ, மாடியில இருந்து இறங்கின உன் மாமனார் கடைசிப் படின்னு நினைச்சு அடுப்பு மேல கால வைக்கப் போனார். அப்படி ஒரு வீட்டக் கட்ட இன்னொருத்தனுக்கு மனசு வருமா? அது உங்கம்மா வீடு. இத்தனை ஆராய்ச்சிக்கும் மூலம், என் சம்பந்தி.

— எங்கம்மாவா?

— வா, மதிப்பீடு பண்ணுவோம். யாரு சொன்னது? சம்பந்தி. நம்பகமானவங்களா? 'என் பொண்ணு பிரமாதமாச் சமைப்பா'ன்னு முதல் நாளே சொன்னவங்க. அந்தத் தகவல கல்யாணம் ஆன நாள்ல இருந்து நாங்க குடும்பத்தோட பரிசோதிச்சிட்டு வரோம்.

— எங்கம்மாவ இழுக்காதீங்க. பொய்யே வராது அவங்க வாயில. எண்ணிப் பாக்காம ஒரு எண்ணச் சொல்ல மாட்டாங்க.

— அப்ப மூலம் கெட்டி. உயிரோட இருக்காங்க, உட்கார வச்சுக் கேக்கலாம். இந்தா பேனா. இல்ல, நம்பகம் போதாதுன்னு எழுதிக் குடு. நான் வேற தலைப்புல புதுசாப் பதிஞ்சுக்கறேன், உன் ஆய்வேடு அது பாட்டுக்கு நேர்காணலுக்குப் போகட்டும். 'உங்க பொண்ணே உங்கள நம்பலையாம்'னு சம்பந்தி காதுல நான் பக்குவமாப் போட்டுடறேன்.

— நீங்க பக்குவமாப் போடறதா? வேண்டவே வேண்டாம். இருங்க, நானே கூப்பிட்டுக் கேக்கறேன்.

— ஸ்பீக்கர்ல போடு. மூலத்தோட குரல் எனக்கும் காதுல விழணும்.

— அம்மா?

— என்னம்மா வேலை நேரத்துல? மாமியார் ஏதாவது சொன்னாங்களா?

— வணக்கம் சம்பந்தி. பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன்.

— அடடே, நல்லா இருக்கீங்களா சம்பந்தி? உங்கள மாதிரி ஒரு மனுஷி கிடைக்க என் பொண்ணு குடுத்து வச்சிருக்கணும்னு இப்பத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

— லாபம் கருதிச் சொல்றது. குறிச்சுக்கோங்க மேடம்.

— அம்மா, அதெல்லாம் விடு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி நம்ம வீட்டுக்கு ஒரு காலேஜ் பொண்ணு வந்து, டப்பா மூடி எத்தனை தொலையுதுன்னு கேட்டுதாமே. ஞாபகம் இருக்கா?

— ஏன் இல்லாம? குடையப் பிடிச்சுக்கிட்டு, வேர்த்து வழிய ஒரு ஒல்லிப் பொண்ணு. மாடியில இருந்து பாத்தேனே.

— எண்ணிப் பாத்துத்தானம்மா பதில் சொன்ன?

— நான் எங்கடி சொன்னேன்? நான் மேல துணி காயப் போட்டுட்டிருந்தேன். நம்ம வீட்ல மூடி எப்பத் தொலைஞ்சிருக்கு? இன்னைய வரைக்கும் ஒண்ணு தொலைஞ்சதில்ல.

— அப்ப அப்பாவா?

— உங்கப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் இறங்கி வரதுக்குள்ள அந்தப் பொண்ணு, 'ரொம்ப நன்றி, பெரிய உதவி பண்ணீங்க'ன்னு சொல்லிட்டுத் தெருவுல இறங்கிடுச்சு.

— யாருக்கு நன்றி சொன்னா சம்பந்தி?

— வேற யாருக்கு, உங்க மருமகளுக்குத்தான். கதவப் பிடிச்சுத் தொங்கிட்டிருந்தா. அப்பல்லாம் யாரு எதக் கேட்டாலும் விரல நீட்டி நாலுன்னுதான் சொல்லுவா. வயசு கேட்டாலும் நாலு, மணி கேட்டாலும் நாலு. அதுக்கு மேல அவளுக்கு எண்ணத் தெரியாது சம்பந்தி.