பர்மா மேஜை

"உலகத்தையே சங்கரன்கோவிலுக்குக் கொண்டாந்துட்டாம்லா அண்ணாச்சி! வாசல்ல போர்டு வேற… 'குடும்ப சகிதம் கண்டு களிப்பீர்'! களிச்சாச்சு. வயிறு நெறையக் களிச்சாச்சு! என் குடும்பம் இப்பம் புளியங்குடியில, அவ ஆத்தா வீட்டுல ஒக்காந்திருக்கு."

பஸ் ஸ்டாண்டில் காலி எலுமிச்சைக் கூடைகளோடு உட்கார்ந்திருந்த வியாபாரியிடம் இசக்கிப்பாண்டி முறையிட்டுக்கொண்டிருந்தான். அவர் பேர்கூட அவனுக்குத் தெரியாது. கூடைக்கு இடமில்லை என்று ஒரு பஸ் போய்விட்டது. இசக்கிப்பாண்டிக்கு அதில் இடம் இருந்தது, ஏறவில்லை.

"லீவு விட்ட பள்ளிக்கூடத்துக்குள்ள காட்சிசாலையாம். உலக ஜனங்க என்ன உடுத்துதாக, என்ன திங்காகன்னு… வெள்ளக்காரன் போயி நாலு வருசமாச்சு, நாம இன்னும் ரேஷன் அரிசியில கல்லு பொறுக்குதோம். இவன் எஸ்கிமோ மீனு திங்கதக் காட்ட வந்துட்டான்! பனிக்கட்டி வீடு, பூராவும் இலவம்பஞ்சு அண்ணாச்சி! காத்தடிச்சா பனி பறந்து மூக்குக்குள்ள போவுது. ஆப்பிரிக்கா மேளத்தப் பிள்ளைக அடிக்கலாமாம். அடிச்சுதுக! காது இன்னும் கொய்ங்குது. எம்மவ ஜப்பான்காரி கட்டச்செருப்ப மாட்டிக்கிட்டு டக்கு டக்குன்னு நடக்கா. 'ஏட்டி, உங்கப்பன் மேல குண்டு போட்டவன் செருப்புட்டி, கழத்து'ன்னேன். ஆமா… அப்படித்தான் சொன்னேன்."

வியாபாரி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

"அவ சும்மா இருப்பாளா? 'எப்பா, நீ இருந்த பர்மா எங்கன?'ன்னு கையப் பிடிச்சு இழுக்கா. பர்மாவுக்கு ஒரு மேஜை. அதுல ஒரு தாள் குடை, ஒரு மூங்கில் வீடு, ஒரு புத்தர். முடிஞ்சுது பர்மா! நான் விடுவனா? ரங்கூன்ல தெரு இப்படி, மழை இப்படின்னு எடுத்துவிட்டேன். குண்டு விழுந்த அன்னைக்கு ஓடுனது, காட்டுவழியா நடந்தது, அட்டை கடிச்சது… கூட்டம் கூடிட்டு! பொஞ்சாதி வள்ளித்தாய், எத்தனாந் தடவை கேக்காளோ, சேலைத் தலைப்பால கண்ணத் தொடைக்கா."

"கேளுங்க அண்ணாச்சி, அந்த மேஜையப் பாத்துக்க ஒரு ஆளு. கடையநல்லூர் முகம்மது ஹுசைனாம், பதினாலு வருசம் ரங்கூன்ல ஜவுளிக்கடையாம். மனுசனுக்கு அப்படி ஒரு சந்தோசம்! என்னயப் பாத்து பர்மா பாசையில என்னமோ கேக்காரு. வச்சிருக்கதக் காட்டுனமா, போனமான்னு இருக்கணுமா இல்லியா? எதுக்கு வே உமக்கு இந்த விசாரணை? நானும் சிரிச்சுக்கிட்டே, 'ஆமா ஆமா, பேய்மழை'ன்னேன். அவரு மூஞ்சி சுண்டிப்போச்சு. 'சாப்பிட்டாச்சான்னுல்லா கேட்டேன்… அங்கன அதக் கேக்காம ஒரு நாள் போகாதே'ன்னாரு."

வியாபாரி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படிப் பாக்காதீங்க." இசக்கிப்பாண்டியின் குரல் இறங்கியது. "போகணும்னுதான் போனேன். மெட்ராஸ் துறைமுகத்துல கப்பலப் பாத்ததும் ஏறாம ஓடியாந்துட்டேன். ஊரே மாலை போட்டு அனுப்பிருக்கு, எந்த மூஞ்சியோட திரும்ப? மதுரையில ஒரு ஹோட்டல்ல மாவாட்டுனேன், மூணு வருசம். கடுதாசி போட்டா தபால் முத்திரை காட்டிக் குடுத்துரும்னு அதும் போடல. ரங்கூன்ல குண்டு விழுந்து சனம் பூரா நடந்து வந்துச்சுல்லா… அதுல நானும் ஒருத்தனா வந்து சேந்துட்டேன்."

பஸ் வரும் சத்தம் கேட்டது. அவன் அவசரமாகச் சொன்னான்.

"வீட்டுக்கு வந்ததும் வள்ளித்தாய், நெசமா பர்மா போனீரான்னு கேட்டா. சொல்லித் தொலைச்சேன். அவ கத்தல அண்ணாச்சி, அழல. 'உம்ம உசிரு தப்பணும்னு கோமதியம்மனுக்கு நான் மொட்டை போட்டு நின்னப்பம், நீரு மதுரையில சட்னி அரைச்சுக்கிட்டா இருந்தீரு?'ன்னா. நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும். 'சட்னி இல்ல… மாவு'ன்னு திருத்துனேன்!"

அவனே சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"பிள்ளையக் கூட்டிக்கிட்டு அப்பவே கெளம்பிட்டா. ஆறு நாளாச்சு. தெனமும் இங்கன வாறேன், எந்த பஸ்ஸுலயும் ஏறல. நீங்க சொல்லுங்க, போயி என்னன்னு பேச்ச ஆரம்பிக்க?"

பஸ் வந்து நின்றதும் வியாபாரி எழுந்தார். கூடைகளை மேலே போடச் சொல்லிவிட்டு ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தார். இசக்கிப்பாண்டி பின்னாலேயே ஓடி ஏறியபோது, தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவன் உட்காராதபடி பக்கத்து இடத்தில் விரித்துப் போட்டார்.

வண்டி கிளம்பிவிட்டது. இனி இறங்க முடியாது. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, புளியங்குடி வரைக்கும் அவன் நின்றுகொண்டே போனான்.